பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த இசை

இசைத்தொகுப்புகள் இரு வகையாக உருவாகின்றன. ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் பலமுறை பாடித் திருத்திப் பதிவு செய்வது. மற்றொன்று, மேடைக் கச்சேரியை நடக்கும்போதே பதிவு செய்வது. மேடையில் பாடியதை மறுபடி பாடித் திருத்த முடியாது. ஆகவே, சில மேடைப் பதிவுகள் வெளிவரப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் மேடைப் பதிவு இதற்குத் தக்க சான்றாகும்.

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் அக்குழுவினர் பாடினர். 17,000க்கும் மேற்பட்ட இரசிகர்கள் இடைவிடாது கூச்சலிட்டனர். பாடகர்களுக்குத் தங்கள் குரலே சரியாகக் கேட்கவில்லை. அக்காலப் பதிவுக் கருவியில் மூன்று தடங்களே இருந்ததால், பாட்டையும் கூச்சலையும் பிரித்தெடுக்க வழியில்லை. 1965இல் அதே அரங்கில் மீண்டும் பதிவு செய்தும் மனநிறைவு கிட்டவில்லை. எனவே, ஒலிநாடாக்கள் வெளியிடப்படாமல் கிடங்கிலேயே தங்கிவிட்டன.

1970இல் இசைக்குழு பிரிந்தது. பின்னர், அவர்களின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்நாடாக்களைச் சீரமைக்க முன்வந்தார். ஆனால், அவற்றை ஓடவிடும் பழைய கருவியைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. கிடைத்த கருவியும் சூடேறியதால், குளிர்காற்றைச் செலுத்தியே அதனை இயக்கினர். 1977ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அத்தொகுப்பு இங்கிலாந்தில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. 2016இல் புதிய கணினித் தொழில்நுட்பத்தின் துணையோடு கூச்சல் குறைக்கப்பட்டு, பாடல்கள் மேலும் தெளிவாக வெளிவந்தன.

தாமதம் அந்த இசையை அழிக்கவில்லை. நாடாக்கள் பாதுகாக்கப்பட்டதே அதனைக் காப்பாற்றியது. குறையுள்ள பதிவைப் பின்னாளில் சீர்படுத்தலாம். தூக்கி எறிந்த பதிவை மீட்க இயலாது.

இவ்வுண்மை கெடா மாநிலத்துக்கும் பொருந்தும். தோட்டங்களை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. தோட்டக் கோயில் திருவிழாவின் உறுமி மேளமோ பஜனைப் பாடலோ அவர்கள் வீட்டுப் பழைய காசெட்டில் இருக்கக்கூடும். ஈரப்பதத்தால் நாடாவில் பூஞ்சை படரும். அதனை ஓடவிடும் வானொலிப் பெட்டிகளும் அருகி வருகின்றன. ஆகவே, இரைச்சல் மிகுந்திருந்தாலும் அவற்றைக் காலந்தாழ்த்தாமல் கணினியில் பதிவேற்றிப் பாதுகாப்பது நன்று. மூடப்பட்ட தோட்டத்தில் அத்திருவிழா மீண்டும் நடக்கப் போவதில்லை. அதன் ஓசையாவது நிலைத்திருக்கட்டும்.