மேலிடத்துக்கு எழுதிய மனு

மும்பை மாட்டுங்கா கிழக்கில் பூஜை சாமான் விற்கும் கடைகளில் சின்னச் சின்னச் செப்புத் தகடுகள் கிடைக்கும். முருகன் தகடு என்றால், ஒன்றன் மேல் ஒன்று தலைகீழாகப் படிந்த இரண்டு முக்கோணம். அதனால் உண்டாகும் ஆறு மூலைகளில் மூலைக்கு ஒன்றாக ச, ர, வ, ண, ப, வ என்ற ஆறு எழுத்து, நடுவில் ஓம். வாங்கிப் போகிறவர் அதைச் சட்டம் போட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டுவார், அல்லது கல்லாப் பெட்டிக்கு அடியில் வைப்பார். சுருட்டித் தாயத்துக் குப்பியில் அடைத்துவிட்டாலோ அதன் பிறகு அந்த எழுத்தை மனிதக் கண் பார்க்கப் போவதே இல்லை. எழுத்து என்பது படிக்கத்தானே? யாரும் படிக்கப் போகாத ஒன்றை ஏன் மெனக்கெட்டு எழுதுகிறோம்? இந்தக் கேள்வியை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாகக் கையில் வைத்திருக்கும் இன்னொரு மரபு சீனத்தின் தாவோ மதம். அதன் சாயலைப் பார்க்கவும் மும்பையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

மஜ்காவில், டாக்யார்டு ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கோயில் இருக்கிறது. பெயர் ஸீ யுப் கூன். ஸீ யுப் என்றால் நான்கு வட்டங்கள்; குவாங்டாங் மாகாணத்தில் அந்த நான்கு வட்டங்களிலிருந்து கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை செய்ய வந்த சீனர்கள் 1919-இல் எழுப்பியது. உள்ளே இருப்பவர் குவான் குங், 220-ஆம் ஆண்டுவாக்கில் கொல்லப்பட்டு, பிற்பாடு தெய்வமான படைத்தலைவர். நம் ஊர் மதுரைவீரன், காத்தவராயன் வரிசையில் வைத்துப் பார்த்தால் அவரைச் சட்டென்று புரிந்துகொள்ளலாம். அங்கே குறி கேட்கும் முறைதான் நமக்கு வேண்டிய செய்தி. எண் போட்ட குச்சிகள் நிறைந்த குவளையைக் குலுக்கினால் ஒரு குச்சி வெளியே வரும். அந்த எண்ணுக்கு உரிய சீட்டுதான் பதில். குவான் குங் கோயில்களில் வழக்கமாக இருப்பது நூறு சீட்டு. ஒவ்வொன்றிலும் நாலடிப் பாட்டு. ‘ஆகும்’, ‘ஆகாது’ என்று நேராகச் சொல்லிவிடாமல் தெய்வம் செய்யுளில் பேசுகிறது. பூ கட்டிப் போட்டுப் பார்க்கும் நமக்கு இது ரொம்ப அந்நியமில்லை.

குறிப்பாட்டையாவது படிக்க முடியும். தாவோ பூசகர்கள் எழுதும் ‘ஃபூ’ என்ற காப்பெழுத்தைச் சீனம் படித்தவராலும் படிக்க முடியாது. நீளமான மஞ்சள் காகிதம், அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பு. உச்சியில் மூன்று சிறு கொக்கிகள், தாவோ மதத்தின் மும்மூர்த்திகளைக் குறிக்க. அதற்குக் கீழே ‘அரச ஆணை’ என்ற சொல். நடுவில் இடியையும் பேயையும் குறிக்கும் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஓவியமாகிவிடும். அடியில் சப்தரிஷி மண்டலத்தின் பெயரால் ஒரு முடிச்சு. கடைசி வரி பெரும்பாலும், சட்டப்படி உடனே நிறைவேற்றுக என்கிற உத்தரவு. இந்த வரி சாமியார்கள் உண்டாக்கியதல்ல. ஹான் பேரரசு காலத்து அரசாங்கக் கடிதங்களின் முடிவு வாசகம் அப்படியே கோயிலுக்குள் வந்துவிட்டது. ‘ஃபூ’ என்ற சொல்லே முதலில் அரசனும் தளபதியும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்ட அடையாளச் சின்னத்தைக் குறித்தது. இரண்டு பாதியும் பொருந்தினால்தான் படை நகரும்.

தாயத்து என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் சமாச்சாரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். என் கணிப்பு இதற்கு நேரெதிர். எழுத்தின் மேல் அளவுகடந்த பயமும் மரியாதையும் வைத்த சமூகத்தில்தான் தாயத்து பிறக்கிறது. எந்த எழுத்துக்கு அந்தச் சமூகம் கட்டுப்பட்டுக் கிடந்ததோ, அந்த எழுத்தின் சாயலில்தான் அதன் தாயத்தும் இருக்கும். சீனாவில் ஊரை ஆட்டிவைத்தது முத்திரை வைத்த காகிதம். ஆகவே பேயை விரட்டுவதும் முத்திரை வைத்த காகிதமே. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஜாங் தாவ்லிங் வழியில் உருவான விண்ணக ஆசான்கள் மரபில் நோயாளிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் பெயரையும் செய்த பிழைகளையும் எழுதி மூன்று பிரதி எடுத்தார்கள். வானத்துக்கு உரியதை மலைமேல் வைத்தார்கள், பூமிக்கு உரியதைப் புதைத்தார்கள், நீருக்கு உரியதைத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். மூன்று இலாகாவுக்கும் ஒரே நேரத்தில் மனு! ரேஷன் கார்டுக்கு அலைந்து பழகிய தாராவிக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். காப்பெழுத்தைக் கொளுத்திச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குடிப்பதும் உண்டு. 184-இல் ஹான் பேரரசை உலுக்கிய மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தின் தலைவர் ஜாங் ஜுவே அந்தத் தண்ணீரைக் கொடுத்துத்தான் ஆள் சேர்த்தார். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பீங்கான் தட்டில் ஓதி எழுதிக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இதற்குத் தூரத்து உறவுபோலத் தெரியும். தாயத்து என்கிற சொல்லே உருது வழியாக நம்மிடம் வந்ததுதான்.

தமிழுக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே அதிகாரம் வாயில் இருந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தைத் திறந்தால் முக்கால்வாசியும் ஒலியைப் பற்றிய பேச்சு. ‘எழுத்து’ என்றால் நமக்கு முதலில் ஒலி, வரிவடிவம் அதற்குப் பிறகுதான். ஆகவே நம் காப்புப் பாட்டு உத்தரவாகப் பேசாமல் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தில் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் வேலைக் காவல் கேட்கும் பகுதியை நினைத்துப் பாருங்கள். பாம்பன் சுவாமிகள் 1891-இல் பாடிய சண்முக கவசம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மொத்தம் 30 பாட்டு. உயிர் 12, மெய் 18 என்ற வரிசையில் பாட்டுக்கு ஒரு முதலெழுத்து. முழுதும் ஓதி முடித்தால் தமிழ் நெடுங்கணக்கையே உடம்பில் பூட்டியாகிவிடும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொகுத்த வேல்மாறலில் அருணகிரிநாதரின் வேல் வகுப்பு அடிகள் பதினாறும் மாறி மாறி அடுக்கி அறுபத்து நான்காகின்றன. புதிதாக ஒரு சொல் கிடையாது, அடுக்குதான் மந்திரம். திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று கட்டம் போட்டு எழுத்தை நிரப்பச் சொல்கிறது என்றாலும், அந்தக் கட்டத்துக்குள் போவது ஓதவேண்டிய ஒலியே.

இந்த வேற்றுமை நெருப்பின் முன்னால் பளிச்சென்று தெரியும். சீனத்துக் காப்பெழுத்து எரிய வேண்டும். எரிந்தால்தான் மேலிடத்துக்குப் போய்ச் சேரும். பெரியபுராணம் சொல்லும் மதுரை வாதத்தில் ஞானசம்பந்தரின் ஏடு தீயில் கருகாமல் இருக்க வேண்டும், வைகையில் விட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் ஒதுங்க வேண்டும். அங்கே எழுத்து தூது போகிறது. இங்கே பாடியவரின் வாக்குக்கு எழுத்து சாட்சி சொல்கிறது.

தாவோ மரபிலும் பாட்டு இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. 364 முதல் 370 வரை யாங் ஷி என்பவர் இரவுகளில் தேவதைகள் வந்து சொன்னதாகப் பல கவிதைகளை எழுதி வைத்தார். வெட்டவெளியில் நடை என்ற பெயரில் பலிபீடத்தைச் சுற்றிக்கொண்டே பாடும் துதிகள் இன்றும் உண்டு. ஆனால் அந்தத் துதிகளைத் தந்த லிங்பாவோ நூல்களின் நம்பிக்கை என்னவென்றால், உலகம் உண்டாகும் முன்பே ஆதி ஆவியில் எழுத்துகள் தாமாகத் திரண்டு ஒளிர்ந்தன, பாட்டும் வேதமும் அதன் பிறகே. நம் சைவத்திலோ நாதம் முதல், வரிவடிவம் பின். யாங் ஷியின் ஏடுகள் சிதறிப்போனபின் அவற்றைத் தேடித் தொகுத்த தாவோ ஹோங்ஜிங் (456–536), எது அசல், எது போலி என்று கையெழுத்தை வைத்தே தீர்மானித்தார்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. இதெல்லாம் ஏமாற்று வியாபாரம்தானே? மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-இல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மகாராஷ்டிரத்தில் நரபலி, பில்லி சூனியத் தடுப்புச் சட்டம் வந்தது. பயத்தைக் காட்டி ஆயிரக்கணக்கில் தகடு விற்பவர்களுக்காக ஒரு சொல்லும் பரிந்து பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் சந்தேகம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் தாவோ அறிஞர் கோ ஹோங், இந்தக் காலத்துக் காப்பெழுத்து ஏன் பலிப்பதில்லை என்று தாமே கேட்டுப் பதிலும் சொன்னார்: மூன்று தடவை படியெடுத்தால் ‘மீன்’ என்ற எழுத்து ஒரு நாட்டின் பெயராகிவிடுகிறது, படிக்க முடியாத எழுத்தில் பிழை இருந்தால் யார் கண்டுபிடிப்பது? நோய் தீருமா என்பது ஒரு விசாரணை, எழுத்தை மனிதர்கள் எப்படி மதித்தார்கள் என்பது வேறொரு விசாரணை. முதலாவதற்கு நான் டாக்டரிடம்தான் போகச் சொல்வேன்.

கவிதை மந்திரமானால் கவிதை கெடும் என்பாரும் உண்டு. பொருள் புரியாமல் ஒப்பிப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் ஒன்று, இரண்டு என்று ஏழு வரை படி ஏறி இறங்கும் எழுகூற்றிருக்கையை எழுத்தின் மேல் கொண்ட பித்து இல்லாமல் சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் செய்திருக்க முடியுமா? குடந்தை சாரங்கபாணி கோயிலில் ஆழ்வாரின் பாட்டைத் தேர் வடிவில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மயூர பந்தம், கமல பந்தம் போன்ற சித்திரக் கவிகள் எல்லாம் இதே வெறியின் பிள்ளைகள்.

சித்தர் போகர் சீனாவுக்குப் போய்க் கொடுத்ததுதான் இந்த எழுத்து மந்திரம், அல்லது அங்கிருந்து கொண்டுவந்தது என்ற பேச்சை மட்டும் ஒதுக்கிவிடலாம். போகர் ஏழாயிரத்தின் தமிழ் மிகப் பிற்காலத்தது. உறுதியான சான்று வேண்டுமென்றால் சீனத்துச் சுவான்ஜோவில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சம்பந்தப்பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைத் தமிழில் சொல்லிவிட்டுக் கடைசி வரி சீன எழுத்தில் முடிகிறது. இரண்டு எழுத்தும் ஒரே கல்லில் நின்றன என்பதற்கு அது சாட்சி. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

1962 இந்திய–சீனப் போருக்குப் பிறகு மும்பைச் சீனர்கள் குறைந்துபோனார்கள். மஜ்காவ் கோயில் பெரும்பாலான நாட்களில் அமைதியாகவே இருக்கிறது. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் 108 படி ஏறி இறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படியே ஹார்பர் லைன் வண்டி பிடித்தால் டாக்யார்டு ரோடு போய்விடலாம். வண்டி மாற வேண்டியதில்லை. குச்சிக் குவளையைக் குலுக்கிப் பாருங்கள்.