சுவர் தரும் உதவி

உவர்மலை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "போன் பின்பொக்கற்றில், புளூடூத் காதில். வீட்டுக்குள் பாட்டு தடங்கலின்றிக் கேட்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் நடந்தால் விட்டுவிட்டு அறுகிறது. மறைக்க ஒரு சுவர்கூட இல்லாத இடத்தில் ஏன் இப்படி?"

சுவர் இல்லாததுதான் காரணம்.

புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹேர்ட்ஸில், அதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். நம் உடம்பிலோ பெரும்பங்கு உப்பு கரைந்த நீர். தசைக்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போவதற்குள்ளேயே இந்த அலை பெரிதும் வலுவிழந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் நம் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்கும் உப்புநீர்தான் தடை. ஆழத்தில் இருக்கும்போது சாதாரண வானொலி அவற்றுக்கு எட்டாது. கிலோமீற்றர் கணக்கில் நீண்ட அலைகளே கடலின் மேல்மட்டத்தை ஓரளவு துளைக்கும். அதற்கென்றே இந்தியக் கடற்படை 1990 முதல் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

அப்படியானால் பின்பொக்கற்றிலிருந்து காதுக்கு அலை எப்படி வருகிறது? ஒரு சிறு பங்கு தோலை ஒட்டி வளைந்து வருகிறது. வீட்டுக்குள் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. அம்மா குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாலும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கடற்கரையில் அப்படிப் பேசினால் பாதிச் சொல் காற்றோடு போய்விடும். வானொலி அலைக்கும் இதே கதிதான். திறந்த வெளியில் திருப்பி அனுப்ப மணலைத் தவிர வேறெதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த விந்தை இனித்தான். சுவர் உதவும், கெடுக்கவும் செய்யும். வெவ்வேறு வழியாக வந்த இரண்டு அலைகள், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். கையைச் சில சென்ரிமீற்றர் நகர்த்தினால் அதே அலை உயிர்பெறும். ஒரே அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத இத்தகைய குழிகள் எத்தனையோ! அதனாலும்தான் பாட்டு அனுப்பும் புளூடூத் ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 அலைவரிசைகளுக்குள், நொடிக்கு 1600 தடவை வரை தாவுகிறது. ஓர் அலைவரிசைக்குக் குழியாக இருக்கும் இடம் இன்னொன்றுக்கு மேடாக இருக்கலாம்.

பாட்டு அறுந்தால் நட்டமில்லை. ஆனால் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், இங்கே தனித்திருக்கும் பெற்றோருக்கு அவசர அழைப்புப் பொத்தானும் கைக்கடிகாரமும் வாங்கி அனுப்புகிறார்கள். கதிரையில் அமர்ந்தபடி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். விழுந்தவர் அந்தக் கருவியின் மேலேயே கிடக்கக்கூடும் என்று யாரும் எண்ணுவதில்லை. அப்போது உடம்பே திரையாகிவிடும். குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை.

வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால், இன்றே அதைக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையிலும் கட்டிலோரத்திலும் நீங்களே படுத்து, கருவி உடம்புக்கு அடியில் இருக்கும்படி அழுத்திப் பாருங்கள். மணி ஒலிக்காத இடம் இருந்தால், அழைப்பை வாங்கும் பெட்டியை இடம் மாற்றி வையுங்கள்.