போத்தல் தண்ணீரா, பீலித் தண்ணீரா?

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டங்களிலிருந்து போகிறவர்கள் இரத்தினபுரி, பலாபத்தல வழியாக மலையேறலாம். பயணம் என்றதும் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். ஐந்து பேர் குடும்பமென்றால் அதற்கே கொழுந்துக் கூலியில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அப்படியானால் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகலாமா? அப்படியே குடிக்கக் கூடாது சகோதரிகளே. பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம். ஊற்றுக்கு மேலே மாட்டுத்தொழுவமோ மலசலகூடமோ இருந்தால் மழையோடு அழுக்கும் வந்து கலக்கும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவை இப்படியும் பரவுகின்றன.

வழி எளியது. கலங்கல் தண்ணீரானால் முதலில் சுத்தமான துணியில் வடியுங்கள். நன்றாகக் கொப்பளித்துக் கொதித்த பின்பும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். மூடியபடியே ஆறவைத்து, கழுவிய போத்தலில் நிரப்புங்கள். அதில் பச்சைத் தண்ணீரோ ஐஸ் கட்டியோ சேர்க்காதீர்கள். வழியில் தீர்ந்துபோனால் மட்டும், எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள, மூடி உடையாத போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.

யாத்திரைக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், கொழுந்தெடுக்கும் மலையில் தாகமெடுத்தால் ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் நாளைக் காலை வேலைக்கும் நம்மோடு வரட்டும்.