எந்த ஜூன் மாதத்துக்கான பணம்?

2021 செப்டம்பர் 9. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்த நாள் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் கடைசிக் கார் ஆலையை விட்டு வெளியே வந்தது. அதற்கு முன்பு, மே மாதக் கடைசியில் தொடங்கி, செட்டில்மென்ட் தொகை போதாது என்று தொழிலாளர்கள் போராடினார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்த பலருக்குப் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலையே நிலைக்காதபோது, பத்து வருஷம் கழித்து வரப்போகும் கல்லூரிக் கட்டணத்துக்கு எதை நம்பிப் பணம் ஒதுக்குவது?

இந்தக் கேள்வி ஓர் ஆலையோடு முடிகிற விஷயமல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றுபோனது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போன இளம் பெண்கள் ஏராளமானோர் அங்கே வேலை பார்த்தார்கள். புதிய ஆலைகள் வந்தன, வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் சிங்கபெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரை காலை ஷிஃப்ட்டுக்குப் பஸ் ஏறும் கூட்டத்தில் கணிசமானவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஓராண்டுக்குப் பிறகு அதே கேட்டில் நுழைவோமா என்பது அவர்களுக்கே தெரியாது.

பிள்ளைக்காகச் சேமிக்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எதில் வட்டி அதிகம் என்பதைத்தான். இந்தப் பகுதியில் அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி வேறு: சம்பளம் நின்றுபோன மாதத்தில் இந்தச் சேமிப்பு என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், வழக்கமான திட்டங்கள் ஒவ்வொன்றும் வேறு முகத்தைக் காட்டுகின்றன.

தபால் நிலையத்தில் பெண் குழந்தைகளுக்காக இருக்கும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது; மற்ற மாநிலங்களில் சுகன்யா சம்ரித்தி என்று பெயர். பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கலாம். ஒரு வீட்டில் பொதுவாக இரண்டு பெண்களுக்கு மட்டும்தான். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டுகள் பணம் கட்ட வேண்டும். கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் ஆனதும் முதிர்வுத் தொகை கிடைக்கும். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். 2024 ஜனவரியில் 8.2 சதவீதம் ஆனது. மாதம் 1,000 ரூபாய் கட்டி, அந்த வட்டி கடைசிவரை அப்படியே நீடித்தால், கட்டிய 1.8 லட்சம் முதிர்வின்போது ஏறத்தாழ 5.5 லட்சமாக இருக்கும். வட்டி ஏறலாம், இறங்கலாம். எனவே இதைத் தோராயக் கணக்காகவே பார்க்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த 250 ரூபாயைத்தான். வேலை போன ஆண்டில் மாதம் ஆயிரம் கட்ட முடியாது. ஆனால் ஆண்டு முழுக்க ஒரே ஒரு தடவை 250 ரூபாய் கட்டிவிட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். அதையும் தவறவிட்டால், விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 ரூபாய் அபராதத்தோடு பாக்கியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். ஏற்கெனவே போட்ட பணமும் அதன் வட்டியும் எங்கும் போகாது. நிலையில்லாத வருமானக்காரருக்கு இதைவிட இரக்கமான விதி வேறு எந்தத் திட்டத்திலும் கிடைப்பது அரிது.

மறுபக்கமும் உண்டு. பெண்ணுக்கு 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புச் செலவுக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18-க்குப் பிறகு திருமணம் என்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு வேலை போனது என்பது மட்டும் பணத்தை எடுப்பதற்கான காரணமாகாது. ஆகவே கையிலிருக்கும் மொத்தத்தையும் இதில் போட்டுவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு வட்டிக்கு வாங்குவது தவறான வரிசை. ஆறு மாதச் செலவுக்கு ஈடான தொகை, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய இடத்தில், சாதாரணச் சேமிப்புக் கணக்கிலோ வங்கி ஆர்.டி.யிலோ முதலில் சேர வேண்டும். ஆறு மாதம் மலைப்பாக இருந்தால் மூன்று மாதமாவது. கணக்கு பிள்ளை பெயரில் இல்லாவிட்டாலும், பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறாமல் காப்பாற்றப்போவது அந்தப் பணம்தான்.

கணக்குத் தொடங்கும் வயதும் முக்கியம். பிறந்த வருஷமே தொடங்கினால் பெண்ணுக்கு 21 ஆகும்போது முழுத்தொகையும் கைக்கு வரும். ஒன்பது வயதில் தொடங்கினால் முழுத்தொகை வருவதற்குள் அவளுக்கு 30 ஆகிவிடும்; கல்லூரியில் சேரும் ஜூன் மாதத்துக்குக் கிடைப்பது அதுவரை சேர்ந்ததில் பாதி மட்டுமே. ஒன்பது வயதுப் பெண் இருக்கும் வீட்டுக்கு வேறு ஏற்பாடும் சேர்ந்தே வேண்டும் என்று கவுன்டரில் யாரும் சொல்வதில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு? 2015-இல் தமிழ்நாடு அஞ்சல் வட்டம் பொன்மகன் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது, 1968 முதல் இருக்கும் பொது வைப்பு நிதியைத்தான். பி.பி.எஃப். என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய். காலம் 15 ஆண்டுகள். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதம் ஆனது, அதற்குப் பின் பல ஆண்டுகள் மாறவே இல்லை. வட்டி குறைவு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் கடன் வழக்கில் நீதிமன்றமே ஆணையிட்டாலும் பி.பி.எஃப். இருப்பை ஜப்தி செய்ய முடியாது. ஆலை மூடி, கடன்காரர் வாசலில் நிற்கும் நாளில் இந்த விதியின் அருமை தெரியும். பி.பி.எஃப்., செல்வமகள் இரண்டிலுமே மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாதத்து வட்டி சேரும். ஏழாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள் பணத்தை எடுத்து வைத்து அடுத்த மாதத் தொடக்கத்தில் கட்டிவிடலாம்.

தெரிந்தவர் வந்து சொன்னார் என்று, பிள்ளை பெயரில் இருபது ஆண்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கும் வீடுகள் இங்கே நிறைய. சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியை இதனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பிரீமியம் நின்றுவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. சம்பாதிக்கும் தாய் தகப்பனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்குப் பணம் வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், காப்பீடு இருக்க வேண்டியது பெற்றோரின் உயிருக்கு. குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் கிடைக்கும் டேர்ம் பாலிசி அந்த வேலையைச் செய்யும். சேமிப்பைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

தங்கத்தைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் சேமிப்பு பற்றிப் பேச முடியாது. 2015-இல் பவுன் 20,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025-இல் 90,000-ஐத் தாண்டியது. பெண்ணுக்கு வருஷம் ஒரு கிராமாவது சேர்க்கணும் என்று வைராக்கியமாக இருந்த அம்மாக்களின் கணக்கு இந்தப் பத்தாண்டில் எந்தத் தபால் நிலையக் கணக்கையும் தோற்கடித்துவிட்டது. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் அதே தங்கம் 2012 கடைசியிலும் 2018 கடைசியிலும் ஏறக்குறைய ஒரே விலையில், 24,000 ரூபாய்க்கு அருகில் நின்றது. அந்த ஆறு ஆண்டின் முடிவில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த வீட்டுக்குத் தங்கம் கை கொடுக்கவில்லை. நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் முதல் நாளிலேயே போய்விடுகின்றன. நகைக்கடைச் சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்பதற்கும் சட்டக் காரணம் உண்டு: கம்பெனிகள் வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால் அது வைப்புத்தொகை என்று கருதப்பட்டுக் கடுமையான விதிகளுக்குள் வந்துவிடும். ஆகவே அந்தச் சீட்டு நகை வாங்குவதற்கானதுதான், பணமாகத் திரும்ப வாங்குவதற்கானதல்ல. தங்கத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. விற்காமலே அடகு வைத்து ஒரு மணி நேரத்தில் பணம் வாங்க முடியும். ஜூன், ஜூலையில் அடகுக் கடைக்குப் போகும் வளையல்களில் எத்தனையோ கல்லூரிக் கட்டணமாக மாறுகின்றன.

ஏலச்சீட்டும் அப்படித்தான், அவசரத்துக்கு உதவும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் பதிவு செய்த சீட்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவுடன் கோபப்படுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சீட்டு அல்லாத முதலீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2022-இல் வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வழக்கில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறுகிறது. மாதத்துக்கு 25, 30 சதவீத வட்டி என்ற வாக்குறுதியை நம்பிப் போட்ட பணம் அது. ஃபோர்டு தொழிலாளர்கள் செட்டில்மென்டுக்காகப் போராடிய அதே ஆண்டு. மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தைத் தேடி யாரெல்லாம் வருவார்கள் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி.

பலர் கண்ணெதிரே இருந்தும் சேமிப்பாகவே எண்ணாத ஒன்று பி.எஃப். 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், செல்வமகளைவிடவும் ஒரு துளி அதிகம். ஒப்பந்த வேலையில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்து போன், பைக் என்று செலவழிக்கும் வழக்கம் இளைஞர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. 25 வயதில் 50,000 ரூபாயை எடுக்காமல், யுஏஎன் எண் வழியாகப் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால், அதே வட்டியில் 20 ஆண்டில் அது 2.4 லட்சத்தைத் தாண்டும். திருமணமே ஆகாத வயதில், பிறக்காத பிள்ளைக்காகச் செய்யக்கூடிய சேமிப்பு இது.

மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. இப்போது தொழிற்சாலை கேன்டீன் வரை பேச்சாகிவிட்டது. பதினைந்து ஆண்டு காத்திருக்கும் பணத்துக்கு அது பொருந்தும். 2008-இல் பங்குச் சந்தை பாதிக்கும் மேல் சரிந்ததை நினைத்தால், பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் பணத்துக்கு அது பொருந்தாது.

ஆனால் மாதம் ஆயிரமா, இரண்டாயிரமா என்பதைவிடப் பெரிய முடிவு ஒன்று, பிள்ளைக்கு ஐந்தாறு வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அது எந்தப் பள்ளி என்பது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத இடங்களைத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டம் 2022-இலும் தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின. அவற்றில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிக்கும் மாணவனுக்கும் மாதம் 1,000 ரூபாய். தனியார் பள்ளிக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் கட்டும் வீடு இவற்றையெல்லாம் சேர்த்தே இழக்கிறது. தனியார் பள்ளி வேண்டாம் என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. ஆனால் இந்தச் செலவையும் அந்த இழப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுத்த பெற்றோர் மிகச் சிலரே.

2025 அக்டோபர் 31 அன்று, மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க ஃபோர்டு தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்று அறிவிப்பு. ஆலை மூடப்படும் என்று சொன்ன ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும். கல்லூரி வாசலில் நிற்கப்போவது 2033 ஜூனில்.