அஸ்திவாரம் ஏன் இறங்குகிறது? எப்படிச் சரிசெய்வது?

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் பூமியில், கருங்கல் அஸ்திவாரம் போட்ட பழைய வீடுகளின் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஏறுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் குற்றம் கல்லில் இல்லை, மண்ணில்தான். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மழைநீரைத் தன் நுண்ணிய தகடுகளுக்கிடையே இழுத்து உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் சேதம் குறைவு. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது.

முதலில், விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். அது உடைந்தால் அசைவு தொடர்கிறது என்று பொருள். கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமலும் குழாய் கசியாமலும் பார்த்துக்கொண்டாலே பல வீடுகள் நிலைபெறும்.

அதற்கும் அடங்காவிட்டால், அஸ்திவாரத்துக்குக் கீழே சுமார் 1 மீட்டர் நீளக் குழிகளை விட்டுவிட்டுத் தோண்டி, கெட்டியான மண் வரை போய்க் கான்கிரீட் நிரப்ப வேண்டும். அது இறுகிய பிறகே பக்கத்துக் குழி. ஒரேயடியாகத் தோண்டினால் சுவரே சரியும். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் 1906 முதல் 1911 வரை, நீர் நிறைந்த குழிகளில் மூழ்கி இத்தகைய வேலையைச் செய்தவர் வில்லியம் வாக்கர். கட்டுமானப் பொறியாளர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.