மூன்று கிழமைப் படுக்கையும் முப்பது வருட வயதும்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மருத்துவ ஆய்வாளர்கள் மூன்று கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். ஐவருக்கும் நோய் எதுவும் இல்லை. எழும்பிய நாளில் அளந்து பார்த்தால், முழு மூச்சாக உழைக்கும்போது அவர்களின் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஒட்சிசன் 27 வீதம் குறைந்திருந்தது. முப்பது வருடம் கழித்து, 1996இல், அதே ஐவரையும் திரும்ப அழைத்து அளந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது. உடம்பில் கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனாலும் இருபது வயதில் படுக்கையால் எழும்பிய அன்று இருந்ததைவிட ஒருவருக்கும் அந்த அளவு குறையவில்லை. முப்பது வருட வயது செய்யாத சேதத்தை மூன்று கிழமைப் படுக்கை செய்திருந்தது.

அதைவிட வியப்பு அடுத்த ஆறு மாதத்தில் நடந்தது. நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கிழமைக்கு நாலைந்து மணித்தியாலப் பயிற்சி வரை கொண்டுபோனார்கள். முப்பது வருடத்தில் இழந்த ஒட்சிசன் அளவு திரும்பி வந்தது. இதயம் இளமையாகவில்லை, அது தள்ளும் இரத்தத்தின் உச்ச அளவு பெரிதாகக் கூடவில்லை. வந்த இரத்தத்திலிருந்து கூடுதல் ஒட்சிசனை உறிஞ்சத் தசைகள்தான் பழகிக்கொண்டன.

யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் அறுபது தாண்டிய பலருக்குச் சீனி வருத்தமோ பிரஷரோ முழங்கால் நோவோ ஏதாவது ஒன்று இருக்கும். கிளினிக் கொப்பி கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் வேலை குறைகிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை அன்போடுதான் சொல்கிறது: “அம்மா, வெயிலுக்கை திரியாதேங்கோ, பேசாமல் இருங்கோ.” அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த இருப்புத்தான் டாலஸின் கட்டில்.

சீனி வருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும். குளுட்-4 என்ற புரதம்தான் அந்தக் கதவு. சாதாரண வேளையில் அது தசைக் கலத்தின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நீரிழிவில் தசை இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. அதே தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினைக் கேளாமலே வேறொரு வழியால் அந்தக் கதவு திறக்கிறது. நோயால் பழுதானது ஒரு வழி மட்டும்; மற்றது எண்பது வயதிலும் வேலை செய்கிறது. நடந்து முடிந்த பிறகும் பல மணித்தியாலம் தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கும். அதனால்தான் இன்சுலின் ஊசியோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்கு நடையின்போதோ அன்றிரவோ சீனி மட்டம் விழுந்துவிடலாம். மடியில் ஒரு துண்டு பனங்கட்டி இருக்கட்டும். மருந்தின் அளவைப் பற்றி முதலே டொக்டரோடு கதைத்துக்கொள்ள வேண்டும்.

இதயத்துக்கு வேறு கணக்கு. உச்ச இதயத் துடிப்பு வயதோடு இறங்குவதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் வருவது சராசரி உச்சம். எழுபது வயதில் அது 159. ஆனால் பிரஷருக்கும் நெஞ்சு வருத்தத்துக்கும் கொடுக்கும் அற்றெனலோல் போன்ற மருந்துகள் துடிப்பை இன்னும் கீழே பிடித்து வைக்கும். அப்படிப்பட்டவர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்தக் கூடாது. பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், தேவாரம் பாட மூச்சுப் போதக் கூடாது. அதுதான் அளவான வேகம். வைத்தியர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் சோதனையும் இதுவே.

முழங்காலுக்குக் கடல் இருக்கிறது. தீவகத்தைச் சுற்றிப் பல இடங்களில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. கட்டிய வலையைப் பார்க்க வயதானவர்களும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் வருவார்கள். இடுப்பளவில் நின்றால் மூட்டில் இறங்கும் பாரம் ஏறக்குறைய அரைவாசியாகும், நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்காகும். பாரம் குறைந்தாலும் தசைக்கு ஓய்வில்லை. இரண்டு மடங்கு வேகமாக நடக்கப் பார்த்தால் தண்ணீர் நாலு மடங்கு எதிர்க்கும். தேய்ந்த முழங்காலுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடத்தை யாழ்ப்பாணப் பட்டினத்திலும் காட்ட முடியாது. இதயம் பலவீனமானவர் மட்டும் டொக்டரைக் கேளாமல் நெஞ்சளவுக்கு இறங்கக் கூடாது. தண்ணீரின் அழுத்தம் காலிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளி இதயத்தின் சுமையைக் கூட்டும்.

காலின் கதை தனி. நெடுநாள் சீனி வருத்தத்தில் பாத நரம்பு உணர்வு இழக்கும். சிப்பி வெட்டினாலும் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் வீதி மணல் கொதிக்க, வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தைக் கண்ட பிறகே சுட்டது தெரிகிறது. கடலுக்குள் ரப்பர் சப்பாத்து, கோயிலுக்கு விடியற்காலை, இரவில் பாதத்தின் அடியை ஒருமுறை பார்ப்பது: இவ்வளவும் செய்தால் ஒரு காலைக் காப்பாற்றலாம்.

எவ்வளவு வயது வரை இது பலிக்கும்? 1990இல் பொஸ்டனில் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு, நாட்பட்ட நோய்கள் பல இருந்தும், எட்டுக் கிழமை பாரம் தூக்கப் பழக்கினார்கள். தொடைப் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பவுஜா சிங் முதல் மரதன் ஓடியபோது அவருக்கு 89 வயது. நம் வடக்கிலேயே முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபது தாண்டிய வயதில் 2023இல் பிலிப்பைன்ஸ் போய், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்று வந்தார். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நயினாதீவில் நெஞ்சு நோ வந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக முதலில் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி நீளமான பாதை. அதனால் நெஞ்சில் பாரம், தாடையிலோ இடக்கையிலோ நோ, வழமைக்கு மாறான இளைப்பு என்று ஏதும் வந்தால் “கொஞ்சம் பாப்பம்” என்று இருக்கக் கூடாது. அந்தக் கணமே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். வயதானவர்களுக்குத் தாகமும் பிந்தித்தான் தெரியும். புறப்பட முதலே தண்ணீர் குடிக்க வேண்டும், டொக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர்களைத் தவிர.

ஆனியில் நாகபூசணி அம்மன் திருவிழா. அதற்கு நடக்க விரும்புபவர் மாசியிலேயே தொடங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் பத்து நிமிடம்; சாப்பிட்டபின் நடந்தால் சீனியும் அவ்வளவு ஏறாது. கிழமைக்கு மூன்று நிமிடம் கூட்டினால் பதினாறு கிழமையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தை எட்டிவிடும். இடையில் காய்ச்சலில் படுக்க நேர்ந்தால், எழும்பியதும் விட்ட இடத்தைப் பிடிக்க ஓடாமல், திரும்பவும் பத்து நிமிடத்திலிருந்து.