கல்லில் கிடக்கும் ரொட்டி

ரத்தோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தினமும் கறுவாத் தண்ணி குடிக்கிறேன். கிளினிக்குக்கு முந்தின மூணு நாளும் சோத்தைக் குறைச்சிருவேன். வெறும் வயித்துல சீனி 110தான். ஆனா எச்பிஏ1சி 9 வீதம்னு வந்திருக்கு. எது பொய்?"

இரண்டும் மெய்தான், அம்மா. முன்னது அன்றைய காலையைச் சொல்கிறது. பின்னது கடந்த இரண்டு மூன்று மாதங்களை.

காலையில் தட்டும் தேங்காய் ரொட்டியைப் பாருங்கள். கல்லில் போட்டதும் சிவக்கிறது. மாவின் சர்க்கரை புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. நம் இரத்தத்திலும் 37 பாகைச் சூட்டில் அதே சமையல் மெல்ல நடக்கிறது. குளுக்கோஸ் முதலில் சிவப்பணுவிலுள்ள ஈமோகுளோபினைச் சும்மா தொற்றிக்கொள்ளும். சீனி இறங்கினால் கழன்றும் போகும். ஏற்றம் நீடித்தால் பிணைப்பு உருமாறி இறுகிவிடும். எச்பிஏ1சி அளப்பது இதைத்தான். சிவந்த ரொட்டி மறுபடி மாவாகாது. சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒவ்வோர் ஏற்றமும் இப்படிச் சிறிது சிவப்பை விட்டுப்போகிறது. மூன்று நாள் பத்தியத்தில் அது மறையாது. அந்தச் சிவப்பணு 120 நாள் வாழ்ந்து முடிய வேண்டும்.

இரத்தத்தில் ரொட்டி மாறிக்கொண்டாவது இருக்கிறது. கண்வில்லையின் நடுவிலுள்ள புரதமோ பிறக்குமுன்பே கல்லில் போட்டது. அறுபது வயதிலும் அதே ரொட்டிதான், திருப்பிப் போடவும் ஆளில்லை. அது பழுத்து மங்குகிறது. இரத்தக் குழாய்ச் சுவரின் கொலாஜனும் மெதுவாகத்தான் மாறும். இழைக்கு இழை ஒட்டி விறைக்கிறது. விழித்திரையும் சிறுநீரகமும் கெட வேறு வழிகளும் உண்டு, ஆனால் இந்த ஒட்டுக்கும் அதில் பங்கிருக்கிறது.

இந்தச் சிவப்பை 1912இல் விவரித்தவர் பிரான்சின் மயார். நீரிழிவுக்காரரின் ஈமோகுளோபின் வேறுபடுவதை 1968இல் எழுதியவர் ஈரானின் சாமுவேல் ரஹ்பார். வரலாறு இவ்வளவு போதும்.

கறுவா? அது சீனியைக் குறைக்கும் என்ற பேச்சைப் பரப்பியது 2003இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வுதான். அவர்களுக்குக் கொடுத்தது காசியா என்ற வேறு வகை. உங்கள் மாத்தளைத் தோட்டத்துக் கறுவா அல்ல. பின்வந்த ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. மணத்துக்குக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரத்தச்சோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி கூட்டிக் காட்டும். அடுத்த முறை பத்தியம் வேண்டாம். வழக்கம்போல ரொட்டியைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சீனியைப் பாருங்கள்.